துடுப்பில் வைத்த காது

ஆர்த்திகா திரும்பிப் பார்த்தாள்.

வேறொரு பிள்ளையாக இருந்திருந்தால் அதில் கவனிக்க எதுவுமில்லை. காலை வெயில் இன்னும் சூடேறாத நேரம். ஒல்லாந்தர் கோட்டையின் பின்மதில் ஓரமாக, வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதில் இடுக்கில் ஊர்ந்த எறும்புகளைப் பார்த்தபடி நின்ற எட்டு வயதுப் பிள்ளை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலச் சட்டெனத் தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள். ஆனால் ஆர்த்திகாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும். எட்ட நின்றால் தரையில் காலால் ஓங்கித் தட்ட வேண்டும், அந்த அதிர்வு பாதத்தில் பட்டால் பார்ப்பாள்.

யாரும் தட்டவில்லை. யாரும் தொடவில்லை.

சுற்றுலாப் பயணிகளுக்குப் பீரங்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அவள் தாய் அஜந்தா, பேச்சைப் பாதியில் விட்டாள்.

"என்னக்கா, மறந்து போச்சா?" என்று சிரித்தான் மதுஷன். கனடாவில் பிறந்தவன்; தாயின் ஊரைப் பார்க்கவென்று மனைவி டிலானியோடு வந்திருந்தான். "பரவாயில்ல, நீங்களே ஒரு கதையைச் சொல்லுங்கோ. எனக்கு வித்தியாசம் தெரியாது."

"பீரங்கிய பாத்தா அவருக்கு செல்பி எடுக்கோணும், அவ்வளவுதான்" என்றாள் டிலானி.

அஜந்தாவும் சிரித்தாள். ஒரு கொக்கின் நிழல் பிள்ளையின் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வாவியின் மேல் கொக்கு எதுவும் இல்லை. தண்ணீர் அசையாமல், எண்ணெய் ஊற்றிவைத்த தட்டுப்போலக் கிடந்தது.

ஊரைச் சுற்றிக் காட்டுகிற இந்த வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிவருவது வழக்கமில்லை. பள்ளி விடுமுறை, பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மனுசி கல்குடாவில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள், தகப்பன் கட்டாரில். வந்தவர்களிடம் தயங்கித்தான் கேட்டாள். "இதென்ன கேள்வி அக்கா, வரட்டும்" என்று டிலானிதான் முதலில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், தன் தொப்பியைக் கழற்றிப் பிள்ளையின் தலையிலும் வைத்துவிட்டாள்.

அடுத்ததாக அமிர்தகழிக்குப் போனார்கள். மாமாங்கேஸ்வரர் கோயிலில் பூசை மணி அடித்தபோது மதுஷன் காதைப் பொத்திக்கொண்டான். ஆர்த்திகா அந்த மணிக்கு நேர்கீழே நின்று, அதன் நாக்கு ஆடுவதை மட்டும் வேடிக்கை பார்த்தாள். அஜந்தா கண்ணை மூடினாள். இந்தச் சந்நிதியில் அவள் வேறு எதையும் கேட்பதில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஒரு சத்தம் கேட்க வேண்டும். ஒருதரமாவது அம்மா என்று கூப்பிட வேண்டும். கேட்கிறவர்களின் மனதை ஆண்டவன் அறிவான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அதனால் கேட்கும் சொற்களை அவள் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததுமில்லை.

கண்ணைத் திறந்தபோது பிள்ளை பக்கத்தில் இல்லை.

தீர்த்தக் குளத்தின் படிக்கட்டில், தண்ணீர் தொடும் கடைசிப் படியில், ஆர்த்திகா குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் ஈரக் கல்லில் அழுந்தியிருந்தது. டிலானியின் தொப்பி தண்ணீரில் மிதந்தது. அஜந்தா பதறி ஓடிப்போய்த் தூக்கியபோது, பிள்ளை முகத்தில் இதுவரை அவள் காணாத ஒரு தெளிவு இருந்தது. சுவாரசியமான ஒரு பேச்சை இடையில் யாரோ குழப்பிவிட்டதுபோல் நெற்றியைச் சுருக்கினாள். கன்னத்தில் பாசியின் பச்சை. குளத்துத் தண்ணீருக்கு இல்லாத ஒரு மணம், உப்பும் அழுகிய தாழையும் கலந்ததுபோல, அவளுடைய தலைமயிரிலிருந்து வந்தது.

என்ன, என்று சைகையில் கேட்டாள் அஜந்தா.

பிள்ளை தன் காதைத் தொட்டாள். பிறகு குளத்தைக் காட்டினாள்.

வாகனத்தில் ஏறியபின் அஜந்தா பிள்ளையின் கன்னத்துப் பாசியைத் துடைத்துவிட்டாள். மனதில் இருந்தது பயமா மகிழ்ச்சியா என்று அவளுக்கே பிரித்தறியத் தெரியவில்லை. வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தின் நடுவே போகும்போது, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்திருந்த ஆர்த்திகாவிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. வழக்கமாக அவளிடமிருந்து வரும் கரகரத்த ஒலியல்ல. தாழ்ந்த, நேரான, நடுங்காத ஒரே சுரம். வாய் மூடியிருந்தது. அந்தச் சத்தம் பாலம் முடியும்வரை மூச்சுவிடாமல் நீண்டது.

சாரதி றிஸான் பாட்டை நிறுத்தினான். "ஆரக்கா பாடுற?"

"பிள்ளை" என்றாள் அஜந்தா. கண்ணீர் வழிந்தது. "என்ட பிள்ளைதான் றிஸான்."

பாலம் முடிந்ததும் சத்தம் நின்றது.

மதியச் சாப்பாடு காத்தான்குடியில், றிஸானின் வீட்டில். பயணிகள் உணவகத்தைவிட அதைத்தான் விரும்புவார்கள். அவனுடைய மனைவி றுமைஸா, கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் என்று தெரிந்து இறைச்சி படாத புதுச் சட்டியில் மீன் குழம்பும், கத்தரிக்காய்ப் பாலாணக் கறியும், பிள்ளைக்கென்று தனியாக ஒரு கோப்பை இனிப்பு வட்டிலப்பமும் செய்து வைத்திருந்தாள். ஆர்த்திகா வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு முற்றத்துக்குப் போனாள். சற்று நேரத்தில் அந்தச் சுரம் மறுபடி கேட்டது.

"பாருங்களன்" என்றாள் அஜந்தா பெருமையாக. "காலையில இருந்து இப்பிடித்தான்."

 சட்டி கழுவிய கையோடு கிணற்றடியிலிருந்து வந்த றுமைஸா, பின்வாசலில் நின்று திரும்பிக் கிணற்றையே பார்த்தாள். ஆர்த்திகா கிணற்றுக் கட்டில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, தாடையைச் சீமெந்தில் பதித்து, கீழே பார்த்தபடி முனகிக்கொண்டிருந்தாள். றுமைஸா போய் அவளை இடுப்போடு அணைத்துத் தூக்கிவந்து, கூடத்தில் தன் பிள்ளைகளோடு உட்காரவைத்தாள். பிறகு அஜந்தாவைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. நான் கிணத்தடியில சட்டி கழுவிக்கிட்டு நிண்டனான். கிணத்துக்குள்ள இருந்தும் அந்தச் சத்தம் வருகுது."

"எதிரொலிதானே றாத்தா?"

"எதிரொலியெண்டா பிந்தி வரும்." றுமைஸா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இது முந்தி வந்திச்சு. அதுக்குப் பொறகுதான் புள்ள பாடினிச்சு."

குசினியில் தேங்காய்ப் பாலும் கருகிய கறிவேப்பிலையும் மணத்தன. அடுப்பு அணைந்திருந்தும் அஜந்தாவுக்கு வியர்த்தது.

"பின்னேரம் தோணியில போறீங்கதானே? புள்ளைய இங்க உட்டுட்டுப் போங்க. என்ட புள்ளைகளோட விளையாடட்டும். மஹ்ரிபு தொழுகைக்குப் பொறகு அவரு கொண்டு வந்து உடுவாரு. எனக்கு ஒரு கஸ்டமும் இல்ல."

எவ்வளவு சின்ன உதவி. ஓம் என்ற ஒரு சொல் போதும். பல தடவை, பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில், இதே வீட்டில் அவளை விட்டுவிட்டு அஜந்தா வேலைக்குப் போயிருக்கிறாள். ஆனால் இன்று தோணியில் ஏறினால் பயணிகள் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் இருந்தது. துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் கைப்பிடியில் காதை வைத்து, வாவியின் அடியில் இருப்பதாக ஊர் சொல்லும் பாடும் மீனைக் கேட்பது. கல்லிலும் கண்ணாடியிலும் சத்தத்தைத் தேடி எடுக்கும் பிள்ளைக்கு, வாவிக்குள்ளேயே இறங்கும் ஒரு மரத்துண்டு எதைத்தான் கொண்டுவந்து தராது?

"இல்ல றாத்தா" என்றாள். "இண்டைக்கு அவள் என்னோட வரட்டும்."

றுமைஸா வற்புறுத்தவில்லை. புறப்படும்போது பிள்ளையின் தலையில் கைவைத்து, உதட்டுக்குள் எதையோ ஓதி, நெற்றியில் மெல்ல ஊதினாள்.

வெயில் சரியத் தொடங்கியபோது, சட்டையணியாத கிழவர் இராசதுரை ஓட்டும் தோணி கல்லடித் துறையிலிருந்து புறப்பட்டது. இயந்திரத்தின் புகை மணம், வலைகளின் பழைய மீன் மணம், கண்டல் காடுகளின் சேற்று மணம். கரையோர மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் விரல்களை ஊன்றி நின்றன. டிலானி நீர்க்காகங்களைப் படம் எடுத்தாள். நடு வாவிக்கு வந்ததும் இராசதுரை இயந்திரத்தை அணைத்தார். அதன் பிறகு அப்படி ஒரு அமைதி. பாலத்தில் போகும் வாகனங்கள் தெரிந்தன. அவற்றின் சத்தம் வந்து சேரவில்லை.

பாடும் மீன் முழுநிலவு இரவில்தான் நன்றாகக் கேட்கும் என்பார்கள். பகலில் வந்து போகிறவர்களுக்கு அதற்கு நேரமில்லை. அதனால் இராசதுரையிடம் ஒரு வழி இருந்தது. பயணிகள் கைப்பிடியில் காதை வைத்ததும், துடுப்பைத் தாங்கிப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, நனைத்த பெருவிரலை மரத்தில் மெல்ல இழுப்பார். ஙீ என்று ஒரு முனகல் காதில் ஏறும். அவர்கள் முகம் மலரும். தூரத்திலிருந்து வந்தவர்கள் வெறுங்காதோடு போகக்கூடாது என்பார். அது அவருடைய நல்ல மனசு என்றுதான் அஜந்தா நினைத்திருந்தாள். அவர் மட்டும் ஒருநாளும் துடுப்பில் காது வைத்ததில்லை. நாவலடியில் இருந்த அவருடைய வீட்டையும் வீட்டில் இருந்தவர்களையும் கடல் கொண்டுபோன வருடத்திலிருந்து வைத்ததில்லை.

அவர் பெருவிரலைத் தண்ணீரில் நனைப்பதை அஜந்தா கண்டாள். அருகில் போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணன், இண்டைக்கு விரல் வைக்க வேணாம்."

"ஏன்கா?"

"பிள்ளைக்கு உள்ளது கேக்கட்டும்."

இராசதுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "வாறாக்கள ஏமாத்தத்தான் நான் விரல் வைக்கிறனெண்டு நினைச்சயா?"

"மறுகா என்னத்துக்கு?"

அவர் வாயைத் திறந்தார். மதுஷன் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவர் துடுப்பை இறக்கி, கைப்பிடியை அவனிடம் கொடுத்து, தன் விரல்களை மடக்கிக்கொண்டார்.

மதுஷன் காதை வைத்தான். சிரித்தான். சிரிப்பு முகத்திலேயே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அக்கா, இது மீனா?"

"ஏன் தம்பி?"

"பொம்பிளை ஒராள் பாடுற மாதிரி இருக்கு. பிள்ளையை நித்திரையாக்கிற பாட்டு."

"சும்மா இரும் மது" என்று டிலானி துடுப்பைப் பறித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.  பிறகு துடுப்பிலிருந்து விலகி, கையை மடியில் துடைத்துக்கொண்டு, அஜந்தாவையே பார்த்தாள்.

"என்ன பிள்ளை?"

"உங்கட குரல் அக்கா."

"என்ன?"

"நாள் முழுக்க உங்கட குரலைத்தானே கேட்டுக்கொண்டு வாறன். எனக்குத் தெரியாதா?"

இராசதுரை இயந்திரத்தின் பக்கம் நகர்ந்தார். "போவம்கா. இருண்டு வருகுது." ஆனால் வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மேற்கே செம்மஞ்சளாக, அகலமாக இருந்தது.

அதற்குள் ஆர்த்திகா துடுப்பைப் பிடித்துவிட்டாள்.

அவள் காதை வைக்கவில்லை. கைப்பிடியின் நுனியைப் பற்களால் கவ்விக்கொண்டாள். கண்கள் விரிந்தன. காலிலிருந்து தலைவரை ஒரு நடுக்கம் ஓடியது. தோள்கள் இறங்கின. நீண்ட நாள் பசித்திருந்த பிள்ளை முதல் கவளத்தை விழுங்கியதுபோல அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காகத்தான் அஜந்தா இத்தனை வருடம் கோயில் படியேறினாள். பாய்ந்துபோய்த் துடுப்பைப் பிடுங்கி எறியத் தோன்றிய அதே நொடியில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்றும் தோன்றியது. அவள் பொறுத்தாள்.

பிள்ளை பற்களை எடுத்தாள். உதடுகளைச் சேர்த்துப் பார்த்தாள். பிரித்தாள்.

"அம்மா."

தெளிவாக. பிசிறில்லாமல். ஒரு பெரிய மனுசியின் உச்சரிப்பில்.

அஜந்தா முழங்காலில் விழுந்து கைகளை விரித்தாள்.

ஆர்த்திகா அவளைப் பார்க்கவில்லை. தோணியின் விளிம்பில் நெஞ்சை வைத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஆர்த்தி" என்றாள் அஜந்தா. பிறகு கத்தினாள். "ஆர்த்தி! வா மனே! அம்மா இஞ்ச!"

பிள்ளை திரும்பவில்லை. அவளுக்கு இது கேட்கவில்லை. தாயின் சத்தம் அவளுக்கு இப்போதும் கேட்கவில்லை. அஜந்தா தோணியின் பலகையில் காலால் ஓங்கித் தட்டினாள். பிள்ளையின் உடல் அதிர்ந்தது. இடையூறு தாங்காததுபோலத் தோளை உலுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

துடுப்பை யாரும் பிடித்திருக்கவில்லை. துடுப்புக்குத் தரை எட்டாத ஆழம். துடுப்பு நிமிர்ந்து நின்றது.

பிறகு துடுப்பு இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. தோணியின் அடிப்பலகை வழியாக. கால்கள் வழியாக. எலும்பு வழியாக.

"வா மனே. அம்மா இஞ்ச."

அஜந்தாவின் குரல். அவள் கத்திய அதே சொற்கள். ஆனால் பதறாமல். கனிவாக.

இராசதுரை இயந்திரத்தை விட்டுவிட்டுத் தவழ்ந்து வந்தார். பெருவிரலை நாக்கில் நனைத்து, தோணியின் விளிம்பில் அழுத்தித் தேய்த்தார். ஙீ. ஙீ. மறுபடி நனைத்துத் தேய்த்தார். "கேக்காத மகள், கேக்காத, இதக் கேளு, இதக் கேளு." விரலில் தோல் உரிந்து மரத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. பிள்ளை கேட்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அஜந்தா பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்தாள்.

பிள்ளையின் கைகள் முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தன. இழுத்தாள். வரவில்லை. சேற்றில் புதைந்த மரம்போல் அசையவில்லை. தோணி சரிந்தது. அஜந்தாவின் முழங்கால் பலகையில் வழுக்கியது. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் இடுப்பைச் சுற்றின. டிலானி. "விடமாட்டன் அக்கா, நான் பிடிச்சிருக்கிறன்." டிலானியை மதுஷன் பிடித்தான். மதுஷனின் தோளை இராசதுரை ஒரு கையால் பற்றி, மறுகையால் குறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டார். அவர்களில் இருவர் காலைவரை அவளை அறியாதவர்கள். யாரும் யாரையும் விடவில்லை. அந்தக் கைகளின் சூட்டை அஜந்தா தன் வயிற்றில் உணர்ந்தாள். ஆண்டவனே, இந்தக் கைகள் போதும் என்று நினைத்தாள். இத்தனை பேர் பிடித்திருக்கும்போது எதுதான் ஒரு பிள்ளையைக் கொண்டுபோகும்?

மூச்சைப் பிடித்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பிள்ளையின் தோளுக்கு மேலாக, முதல் தடவையாகக் கீழே பார்த்தாள்.

மாலை வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அங்கே அவளுடைய முகம். அவளுடைய நெற்றி. அவளுடைய நெற்றியில் கலைந்த மயிர்.

அந்த முகம் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தது.

அதன் கைகள் ஆர்த்திகாவின் கைகளைப் பிடித்திருந்தன. இழுக்கவில்லை. பிடித்திருந்தன, அவ்வளவுதான். ஆறுதலாக, அவசரமில்லாமல். அதன் இடுப்பைச் சுற்றியும் இரண்டு கைகள் இருந்தன. அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு பெண். அவளைப் பிடித்தபடி ஓர் ஆண். அவனைப் பிடித்தபடி, சட்டையில்லாத ஒரு கிழவர். அவருக்குக் கீழே ஒரு தாய், அவளைப் பிடித்தபடி ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையைப் பிடித்தபடி வேறு யாரோ. பச்சையாக. பிறகு கருநீலமாக. பிறகு கறுப்பாக. எல்லா முகங்களும் மேலே பார்த்தன. எல்லா வாய்களும் திறந்திருந்தன.

"அம்மா" என்றாள் ஆர்த்திகா, சிரித்துக்கொண்டு.

மேலே, வரிசையின் கடைசியில் இராசதுரை இருந்தார்.

கீழே இருந்த வரிசைக்குக் கடைசி இருக்கவில்லை.